பன்னிரண்டாவது ஓட்டை

ரின்சே போஸ்ட்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் ஒரே தெருவில் குடியிருந்து பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று வருங்கால மாமனார் ஆசையாக அக்கார்டியன் வாசித்துக் காட்டி, "எப்படி மாப்ளே?" என்று கேட்டார். "ரெண்டு இடத்துல தப்பா வாசிச்சீங்க" என்றார் ரின்சே. எந்த இரண்டு இடம் என்றும் சொன்னார். ட்ரூடி அப்படியும் அவரையே கட்டிக்கொண்டாள் என்றால், அது அவளுடைய துணிச்சல்.

ரின்சே பிறந்தது நெதர்லாந்தின் வடக்கு மூலையான ஃப்ரீஸ்லாந்தில். பால் ஆலையில் பால் பரிசோதிக்கும் வேலைக்காகத் தெற்கே லிம்பர்குக்கு வந்தவர், ட்ரூடியைக் கட்டியதும் ஹால்ராட் கிராமத்தில் மாமனாரின் அஸ்பாரகஸ் தோட்டத்தோடு தங்கிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊருக்கு அவர் 'அந்த ஹாலந்துக்காரன்'தான். "நான் ஹாலந்து இல்ல, ஃப்ரீஸ்லாந்து" என்று அவரும் சளைக்காமல் திருத்துவார். "ஆத்துக்கு வடக்கே எல்லாம் ஹாலந்துதான்யா" என்று பதில் வரும்.

தெற்கத்திக்காரர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சமையல் வாயில் வைக்க முடியாதபடி இருந்தால் "மனசு நெறஞ்சிருச்சு" என்பார்கள். நாளைக்கு வருகிறேன் என்றால் வர மாட்டேன் என்று அர்த்தம். வடக்கத்தி ரின்சேவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. அவர்களுக்கும் இவர் பிடிபடவில்லை. இவர் பேக்கரிக்குள் நுழைந்தால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு அப்படியே வானிலைக்குத் தாவிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே கார்னிவல். பிப்ரவரிக் குளிரில் மூன்று நாள் ஊரே வேஷம் கட்டி ஆடும். ரின்சே வந்த முதல் வருஷம், வேஷத்தில் நம்பிக்கை இல்லாததால், தினமும் போடும் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகப் போய் ஓரமாக நின்றார். 'அசல் ஹாலந்துக்காரன்' வேஷத்துக்கான முதல் பரிசை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தான் வேஷமே போடவில்லை என்று சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுக்க அவர் வீடு வீடாக அலைந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

ஆனால் மனிதனுக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. கார்னிவலை நடத்துவது நத்தைக் கழகம். அதற்குப் பதினோரு பேர் மன்றம். முட்டாள்களின் எண் பதினொன்று என்பதால் அங்கே எல்லாமே பதினொன்றுதான். பதினோராம் மாதம் பதினோராம் தேதி பதினோரு மணி பதினோரு நிமிஷத்துக்குத்தான் சீசனே தொடங்கும். இறகு செருகிய தொப்பியோடு மேடையில் வரிசையாக உட்காரும் அந்தப் பதினொருவரில் ஒருவராகிவிட வேண்டும் என்று ரின்சே ஏங்கினார். அந்தத் தொப்பி தலையில் ஏறிவிட்டால் அப்புறம் எவனும் தன்னை ஹாலந்துக்காரன் என்று கூப்பிட முடியாது என்று நினைத்தார்.

அந்த வருஷம் ஒரு நாற்காலி காலியானது. மன்றத்து வில்லம் முழங்கால் வலிக்கு வெயில் நல்லது என்று மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். ரின்சே தோட்டத்தில் அந்தப் பொருளைக் கண்டெடுத்ததும் அதே வருஷம்தான்.

அஸ்பாரகஸ் பாத்தியைக் கலைத்துக்கொண்டிருந்தபோது மண்வெட்டியில் 'ணங்' என்று பட்டது. முஷ்டி அளவு வெண்கலம். பன்னிரண்டு முகம். முகத்துக்கு ஒரு வட்ட ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு அளவு. மூலைக்கு மூலை சின்னக் குமிழ். உள்ளே ஒன்றுமில்லை. ரோமானியர் காலத்தில் இப்படி நூற்றுக்கும் மேல் வார்த்திருக்கிறார்கள். எதற்கென்று ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. இத்தனை நுணுக்கமாக வார்க்கத் தெரிந்தவனுக்கு அதை இரண்டு வார்த்தையில் சொல்ல என்ன கேடு என்று தெரியவில்லை.

ஊர் வந்து பார்த்தது. கறிக்கடை பெர், இது சாசேஜ் பருமன் அளக்கும் கருவி என்று அடித்துச் சொன்னார். பாதிரியார் மெழுகுவர்த்தித் தண்டு என்றார். கையுறை விரல் பின்னும் அச்சு என்றாள் ட்ரூடி. பல் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

ரின்சே அன்றைக்கே அரசு தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டார். முனைவர் ஆலீ டைக்கமா போனில் பேசினார். "கார்னிவல் முடிஞ்சதும் நானே வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் பெட்டியில வைங்க. முக்கியமா, தண்ணி மட்டும் படவே கூடாது."

"படாது" என்றார் ரின்சே. அவர் சொன்னால் சொன்னதுதான்.

கார்னிவல் ஞாயிறு அன்று கழகத் தலைவர் ஸெஃப் க்ரூட்சன் ஒரு பாட்டில் ஜெனிவர் சாராயத்தோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். பெரிய தொப்பை, சின்னக் குரல், தேன் ஒழுகும் பேச்சு.

"ரின்சே, உன் தோட்டத்துச் சாமானை மூணே மூணு நாள் குடு. இந்த வருஷ கார்னிவல் இளவரசன் நம்ம பெர். அவன் செங்கோல் உச்சியில அதைக் கட்டிட்டா, பக்கத்து ஊர்க்காரன் வயிறெரிஞ்சே செத்துருவான்."

"அது அரசாங்கப் பொருள். தொடக் கூடாது."

"தொடவா சொன்னேன்? கட்டத்தானே சொன்னேன்." ஸெஃப் ஜெனிவரை ஊற்றினார். "வில்லம் நாற்காலி வேற காலியா கெடக்கு. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

முப்பது வருஷ ஆசை முன்னால் வந்து உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட நேர்மையும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். ரின்சே பெட்டியைத் திறந்தார்.

ஊர்க் கூடத்தில் எல்லாரும் கூடி, அதைச் செங்கோலில் கட்டினார்கள். குச்சியை ஓட்டைக்குள் செருகக் கூடாது என்று ரின்சே ஒற்றைக்காலில் நின்றதால் சிவப்பு மஞ்சள் பச்சை ரிப்பனால் குமிழ்களைச் சுற்றிக் கட்டினார்கள். பெர் அதை உயர்த்திப் பிடித்தார். அப்போதுதான் யாரோ ஓட்டைகளை எண்ணித் தொலைத்தார்கள்.

"பன்னெண்டு இருக்கு."

ஸெஃப் தானே எண்ணினார். அப்போதும் பன்னிரண்டு. இரண்டாயிரம் வருஷப் பழமை, ரோமானியர், வெண்கலம் எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போயின.

"பதினொண்ணுக்கு மேல இருக்கற எதையும் இந்தக் கழகம் தூக்கினதில்ல" என்றார் ஸெஃப். "ஒண்ணைக் கொறைக்கணும்."

"அதெப்படி கொறைக்க முடியும்? வார்த்த வெண்கலம்!" என்றார் ரின்சே.

"அரத்தால ராவினா?" என்றார் பெர்.

ரின்சே போட்ட சத்தத்தில் பெர் செங்கோலைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். டேப் ஒட்டிப் பார்த்தார்கள். குளிரில் உரிந்து விழுந்தது. களிமண் அப்பினால் அசிங்கமாக இருந்தது. கடைசியில் ஸெஃபின் மனைவி மீயா, எல்லாருக்கும் தின்னக் கொண்டுவந்திருந்த அரிசி வ்லாயை முன்னால் நகர்த்தினாள். வ்லாய் என்றால், அரிசியைப் பாலும் முட்டையும் சர்க்கரையும் போட்டுக் குழையக் காய்ச்சி, மாவுத் தட்டில் ஊற்றிச் சுடுவது. மீயா செய்தால் கத்தியும் கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே போகும். ஒரு விரல் எடுத்து அப்பினாள். ஓட்டை அடைந்தது. மூன்று நாள் குளிரிலும் ஆட்டத்திலும் அது அசையவில்லை. ரோமானியருக்கு அந்தப் பதார்த்தம் கிடைத்திருந்தால் அவர்கள் பாலங்கள் இன்னும் நிறைய நின்றிருக்கும்.

கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதன் அன்று, பொருள் திரும்பி வந்தது. ரின்சே விரலால் சுரண்டிப் பார்த்தார். பல்குச்சியால் நோண்டினார். ஓரத்தில் பிதுங்கியிருந்தது வந்தது, விரல் அழுத்திய இடம் கல்லாகிக் கிடந்தது. "வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் போடு, தானா வந்துரும்" என்றாள் ட்ரூடி. "தண்ணி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் ரின்சே. வாக்கு வாக்குதான் இல்லையா? டைக்கமா வந்தபோது இவர் வாயைத் திறப்பதற்குள் பெட்டி காரில் ஏறிவிட்டது. அந்த அம்மாவுக்கு அடுத்த ஊரில் ஒரு மண்டை ஓடு காத்திருந்ததாம்.

சில வாரங்களில் செய்தி வந்தது. ஓட்டை ஒன்றில் அரிசி மாவுச்சத்து, பால் கொழுப்பு, முட்டை. வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கிறது. ஈரம் ஏறினால் அரிசி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே இது மழையை முன்கூட்டிச் சொல்லும் கருவி! காலத்தில் தொலைந்துபோன தொழில்நுட்பம்! அரிசிக்கு எங்கே போனான் ரோமானியன் என்றால், நம் தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து மிளகு ஏற்றிய கப்பலில் கூடவே வந்திருக்குமாம். வயதுக் கணிப்புதான் பாக்கி, அதற்குள் ஊர்க் கூடத்திலேயே ஒரு விளக்கக் கூட்டம் என்று டைக்கமா அறிவித்தார்.

ஹால்ராட் தலைகீழானது. பேக்கரியில் 'ரோமானிய மழை வ்லாய்' விற்றது. ஊர் எல்லையில் பலகை நடக் குழி வெட்டினார்கள். அந்த அரிசி யாருடையது என்று தெரியாத ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லை. ஒருவரும் மூச்சு விடவில்லை. நேராகச் சொல்வது அந்த ஊர்ப் பழக்கமே இல்லையே.

ரின்சே பேக்கரிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். ஸெஃப் தோட்டத்துக்கே வந்தார்.

"கூட்டத்துல நீ முன் வரிசை. டாக்டரம்மா பேசுவாங்க, கை தட்டு. முடிஞ்சதும் நான் மேடையேறி வில்லம் நாற்காலி யாருக்குன்னு சொல்றேன்." ரின்சே முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு. நம்மாளுன்னா இருப்பான்."

"அது பொய்யாச்சே, ஸெஃப்."

"யாரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா இருக்கத்தானே சொல்றேன். சும்மா இருக்கறதுல என்னய்யா பொய்யி?"

ட்ரூடியிடம் கேட்டார். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்: "வாயை மூடினா நாற்காலி கெடைக்கும். தெறந்தா போயிரும். ஆனா ஒண்ணு, நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்ல. எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல."

கூட்டத்தன்று ஊர்க் கூடம் பிதுங்கியது. வரவேற்கப் பித்தளை வாத்தியக் குழு ஓரத்தில் நின்றது. டைக்கமா நல்ல உயரம், சுருக்கமான பேச்சு, கண்ணில் உண்மையான சந்தோஷம். பெரிய திரையில் ஓட்டையைக் காட்டினார். மீயாவின் விரல் ரேகை திரை முழுக்கத் தெரிந்தது.

"பாருங்க" என்றார் டைக்கமா, குச்சியால் ரேகையைத் தொட்டு. "இதை அடைச்ச கைவினைஞரோட விரல். ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறம் அவரை நாம சந்திக்கிறோம்."

மீயா கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயதுக் கணிப்பு வரும் நாளில் டைக்கமாவைப் பார்த்து நாடே சிரிக்கும். இப்போது சொன்னால் இந்த அறை மட்டும்தான். நாற்காலியை நினைத்தார். தொப்பியை, இறகை நினைத்தார். கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டன.

"டாக்டர், அது ரோமானியர் அரிசி இல்ல. மீயாவோட அரிசி."

டைக்கமாவின் கையில் குச்சி அந்தரத்தில் நின்றது. ரின்சே வழக்கம்போல ஒழுங்கு மாறாமல் சொன்னார்:

"கார்னிவல் ஞாயித்துக்கிழமை, இதே அறையிலதான் அடைச்சோம். ஓட்டை பன்னெண்டு இருந்துச்சு. இவங்களுக்குப் பதினொண்ணுக்கு மேல ஆகாது."

ஒரு இருமல்கூட இல்லை. டைக்கமாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. முடிந்தது என்று நினைத்தார் ரின்சே. நாற்காலி, ஊர், எல்லாம் போச்சு. அப்போது பின்னால் ஸெஃப் வாத்தியக் குழுவைப் பார்த்துத் தன் சின்ன விரலை உயர்த்தியது அவருக்குத் தெரியாது.

'தத்தரா தத்தரா தத்தரா!' என்று வெடித்தது வாத்தியக் குழு. கார்னிவல் மேடையில் யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் ஊதுகிற ஊதல் அது. அறை முழுக்க எழுந்து "அலாஃப்!" என்று கார்னிவல் கோஷம் போட்டது.

"கழுவிடலாம்னுதான் பார்த்தேன்!" ரின்சே கத்தினார். "நீங்கதான் தண்ணி படக்கூடாதுன்னீங்க!"

'தத்தரா தத்தரா தத்தரா!' பெர் தொடையைத் தட்டினார். பல் டாக்டர் கண்ணைத் துடைத்தார்.

"நான் வேடிக்கைக்குச் சொல்லல! ஃப்ரீஸ்லாந்துக்காரன் எவனும் வேடிக்கைக்குப் பேச மாட்டான்!"

இதற்கு டிரம்மும் சேர்ந்துகொண்டது. பாதிரியார் நாற்காலியோடு சாய்ந்தார். மேடையில் டைக்கமா தண்ணீர்த் தம்ளரை எடுத்து மெல்ல, முழுக்கக் குடித்தார். குடித்து முடிக்கும் வரை ஊர் விடாமல் கைதட்டியது. பிறகு அவரும் சிரித்தார்.

"அரிசி விஷயத்துல இன்னும் சில பேரை விசாரிக்க வேண்டியிருக்கு" என்றார். "குறிப்பா, சமையல் தெரிஞ்சவங்களை. கருவி அசல் ரோமானியக் கருவிதான். எதுக்குன்னு? தெரியாது. இன்னிக்கும் தெரியாது." அதற்கும் ஒரு 'தத்தரா'.

ரின்சே தொப்பென்று உட்கார்ந்தார். வாழ்நாளில் பேசிய மிக முக்கியமான பேச்சைக் கோமாளித்தனமாக்கி மூடிவிட்டார்கள் என்று நெஞ்சு கொதித்தது. கூட்டம் கலைந்து பியர் பக்கம் போனதும் டைக்கமா நேராக அவரிடம் வந்தார்.

"நான் சொன்னது நெஜம் டாக்டர்."

"தெரியும். ரெண்டாவது வாக்கியத்துலயே தெரிஞ்சுபோச்சு. நானும் வடக்குதான், குரோனிங்கன்." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னதும் காலடியில தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு. இவங்க மட்டும் ஊதாம இருந்திருந்தா அங்கயே அழுதிருப்பேன். ஒரு தம்ளர் தண்ணி குடிக்க எனக்கு நேரம் வாங்கிக் குடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க மேல புகார் எழுதணும்தான். வேடிக்கைக்குச் சொன்னதை வெச்சு எப்படி எழுதறது?" என்றார்.

அவர் போனபின்பும் ரின்சே அசையாமல் இருந்தார். இத்தனை வருஷமாக இவர்கள் பேச்சில் உண்மையே கிடையாது என்று நினைத்திருந்தார். உண்மையைக் கேட்டவர் விழுந்துவிடாமல் அடியில் எதையோ விரித்துப் பிடிக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஸெஃப் பியரோடு வந்தார். "வில்லம் நாற்காலி உனக்கு இல்ல."

"தெரியும்."

"அடுத்த இளவரசன் யாருன்னு முடிவு பண்ணிட்டு, பதினொரு பேரும் மூணு மாசம் வாய்க்குள்ளயே வெச்சிருக்கணும். நீ சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டே." பியரை அவர் கையில் வைத்தார். "ஆனா பீப்பா இருக்கு. எங்க பீப்பாப் பேச்சாளன் செத்து நாலு வருஷமாச்சு. ஒருத்தனும் சரியா அமையல."

ரின்சேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்னிவல் மேடையில் ஒரு பெரிய பீப்பாய் நிற்கும். அதற்குள் ஏறி நின்று பேசுபவன் ஊரில் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதினோரு நாற்காலியும் அந்தப் பீப்பாய்க்குக் கீழேதான்.

"எனக்கு வேடிக்கை பேச வராதே, ஸெஃப்."

"யாருய்யா வேடிக்கை பேசச் சொன்னா? நெஜத்தைச் சொல்லு. நீ தெருவுல நின்னு சொன்னா எங்களுக்குத் தாங்கல. பீப்பாக்குள்ள நின்னு சொன்னா கேட்டுக்கறோம்."

ரின்சேவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. தூரத்திலிருந்தே அதைப் பார்த்த மீயா, தட்டில் ஒரு துண்டு வ்லாயோடு ஓடி வந்தாள். "ஐயோ, ஏன்யா அழற? இந்தா, இதைத் தின்னு. நல்லா இருக்கா?"

ரின்சே கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். அறை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"கெட்டி" என்றார்.

பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்த ட்ரம்பெட்டை, இன்னொரு 'தத்தரா' ஊத, அவசர அவசரமாக வெளியே எடுத்தார்கள்.